வரவேற்பு மேசையில் பெண்கள்: பகலும் இரவும்

(பி.ஏ. வரலாறு, 1976–79 அணி)

நமது சந்திப்பு மலருக்கு வழக்கமாக நான் எழுதிக் கொடுப்பது ஆசிரியைகளைப் பற்றிய நினைவுகளைத்தான். இந்த முறை மலர்க் குழுத் தோழி தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "மேடம் திட்டினது, கேன்டீன் சமோசா, ஹாஸ்டல் சாம்பார் எல்லாம் போதும்டி. நீ வரலாறு படிச்சவ. பன்னிரண்டு வருஷம் ஹோட்டல் ரிசப்ஷன்ல நின்னவ. ரெண்டையும் சேர்த்து ஒரு கட்டுரை குடு."

என்ன எழுதலாம் என்று யோசித்தபோது 2019-ல் நடந்த நமது நாற்பதாம் ஆண்டுச் சந்திப்பு நினைவுக்கு வந்தது. வெளியூர்த் தோழியர் சிலர் முதல் நாள் இரவே சென்னைக்கு வந்து ஒரு ஹோட்டலில் தங்கினோம். மதுரை ரயில் தாமதமாகி, நாங்கள் நால்வர் ஹோட்டலுக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வரவேற்பு மேசையில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கி, சாவி கொடுத்து, "ராத்திரி ஏதாவது வேணும்னா மேனேஜர் இங்கதான் இருப்பாங்க மேடம்" என்றாள். மேனேஜர் யார் என்று பார்த்தால் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்! லிஃப்டில் ஏறியதும் நம் தோழி ஒருத்தி என் காதில் கிசுகிசுத்தாள்: "ராத்திரி பதினோரு மணிக்கா? இவங்க வீட்ல எப்படிடி விடுறாங்க?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. பெண்களை ஹோட்டலின் முகப்பில் நிறுத்தியவர்கள், இரவானதும் அந்த மேசையிலிருந்து அவர்களை ஏன் அனுப்பினார்கள், அதனால் பெண்கள் எதை இழந்தார்கள் என்பதே அந்த வரலாறு. எனக்குத் தெரிந்த மட்டில் அதைச் சொல்கிறேன்.

மேசை ஒரு ஏணி

வரவேற்பு மேசை என்றால் சிரித்துக்கொண்டே சாவி கொடுக்கும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஹோட்டலின் நாடி அங்கேதான் துடிக்கிறது. எந்த அறை காலி, எந்த அறைக்கு யார் வருகிறார், யார் பணம் கட்டாமல் போய்விடக்கூடும் என்பதெல்லாம் அந்த மேசைக்குத்தான் தெரியும். வெளிநாட்டுக்காரர் வந்தால் 'சி படிவம்' நிரப்பி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியதும் அந்த மேசையின் பொறுப்பு. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலத்தில் இவை அத்தனையும் தடித்த பேரேடுகளிலும், சுவரில் பதித்த சாவிப் பலகையிலும், தகடுகளுக்குள் செருகிய சிறு சீட்டுகளிலும் அடங்கியிருந்தன.

இந்த மேசையிலிருந்து எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1922-ல் சிம்லாவின் சிசில் ஹோட்டலில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் வரவேற்பு மேசை குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ஓர் இளைஞர். 1934-ல் மனைவியின் நகைகளையும் தன் உடைமைகளையும் அடகு வைத்து அதே ஊரில் கிளார்க்ஸ் ஹோட்டலை வாங்கினார். 1943-ல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் நிறுவனமே அவர் கைக்கு வந்தபோது, குமாஸ்தாவாக நின்ற சிசில் ஹோட்டலுக்கும் முதலாளி ஆனார். அவர்தான் மோகன் சிங் ஓபராய். நகை மனைவியுடையது, ஏணி கணவனுடையது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஏணி ஆண்களுக்கு மட்டுமே இருந்தது என்பது வேடிக்கை இல்லை.

நம் சென்னையிலும் பெண்கள் சம்பள வேலைக்கு வந்தது வேறு வாசல்கள் வழியாக. தொலைபேசி நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், அலுவலகத் தட்டச்சு என்று முதலில் துணிந்து போனவர்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பலர். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் என்னென்ன பேசினார்கள் என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதே பேச்சு பின்னால் ஹோட்டலுக்குப் போன பெண்களுக்கும் வந்தது. தமிழில் 'ஓட்டல்' என்றால் இட்லி, காபி. 'லாட்ஜ்' என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் 'ஸ்டார் ஹோட்டல்' என்று ஒன்று உண்டு என்பதைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு விளக்கியே என் அப்பாவுக்குத் தொண்டை வற்றிவிட்டது!

பள்ளியைத் திறந்தவர்களே பெண்கள்தான்

இங்கே ஒரு வியப்பான செய்தி. ஹோட்டல் தொழிலுக்கென்று நம் நாட்டில் முறையான கல்வியைத் தொடங்கி வைத்ததே பெண்கள் அமைப்பு ஒன்றுதான். லீலாவதி முன்ஷி தலைமையில் இயங்கிய அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் கழகம் 1954-ல் பம்பாயில் கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. பின்னால் தாதரில் புகழ்பெற்ற ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி அதுதான். நாட்டில் உணவுப் பஞ்சம் பெரும் கவலையாக இருந்த காலம். உணவு, ஊட்டச்சத்து, மலிவு விலைச் சிற்றுண்டி நிலையம் என்ற அக்கறையில் பிறந்த முயற்சி, ஒரு தொழிலுக்கே பள்ளிக்கூடமாக வளர்ந்தது. சென்னையில் 1963-ல் இதே வகைக் கல்லூரி வந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளை ஒருங்கிணைக்க 1982-ல் தேசியக் கழகம் ஒன்று ஏற்பட்டது.

ஆக, படிப்பு கதவைத் திறந்துவிட்டது. வேலைக்கும் வாய்ப்பு வந்தது. 1969-ல் சவேரா, 1974-ல் தாஜ் கோரமண்டல், 1975-ல் ஐ.டி.சி.யின் முதல் ஹோட்டலான சோழா என்று சென்னையில் பெரிய ஹோட்டல்கள் அடுத்தடுத்து எழுந்த காலம் அது. நாம் புதுமுக வகுப்பிலிருந்து பட்ட வகுப்புக்கு வந்துகொண்டிருந்தோம்.

1979-ல் இரண்டு விண்ணப்பங்கள்

கடைசி ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம். ஒரு பெரிய ஹோட்டலில் 'ரிசப்ஷனிஸ்ட் தேவை, பட்டதாரிப் பெண்கள் விண்ணப்பிக்கலாம்' என்று பத்திரிகையில் விளம்பரம். நம் விடுதிக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் விண்ணப்பம் எழுதினோம். ஒன்று என்னுடையது. இன்னொன்றை எழுதியவள் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவாள், கணக்கிலும் புலி. அவள் அப்பா அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். பெயர் சொல்லமாட்டேன். அவளும் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பாள்.

என் அப்பா கிழிக்கவில்லை. ஹோட்டலுக்கே வந்து மேனேஜரைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், பொண்ணு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்துடுவா?" மேனேஜர் நல்ல மனிதர். "கவலையே படாதீங்க. லேடீஸை நாங்க நைட்ல போடுறதே இல்ல" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான். அந்த வாக்கியத்துக்கு என்ன விலை என்பது எனக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

வேலை மூன்று ஷிப்டுகள். காலை ஏழு முதல் மூன்று, மூன்று முதல் பதினொன்று, பதினொன்று முதல் மறுநாள் காலை ஏழு. பெண்களுக்குக் காலை ஷிப்ட். சில நாள் மதியம் தொடங்கி எட்டு மணியோடு அனுப்பிவிடுவார்கள். இரவு மேசை முழுவதும் ஆண்களுக்கு. நியமன உத்தரவில் 'முழு நேரப் பணி' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் கடிகாரத்தில் பாதியைத்தான் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

அதனால் என்ன, நல்லதுதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவு மேசையில் 'நைட் ஆடிட்' என்று ஒரு வேலை உண்டு. அன்றைய அறை வாடகை, சாப்பாட்டு பில், டெலிபோன் பில், சலவைக் கணக்கு எல்லாவற்றையும் ஒவ்வொரு விருந்தினர் பேரில் ஏற்றி, வரவோடு சரிபார்த்து, நாளை முடித்து, மறுநாளைத் திறந்து வைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடுகிறவனுக்கு ஹோட்டல் எங்கே சம்பாதிக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பது உள்ளங்கை நெல்லிக்கனி. அதோடு, இரவில் பெரிய அதிகாரிகள் யாரும் இருக்கமாட்டார்கள். தண்ணீர்க் குழாய் வெடித்தாலும், விருந்தினருக்கு நெஞ்சு வலித்தாலும், குடித்துவிட்டு ஒருவர் ரகளை செய்தாலும் அங்கே இருப்பவன்தான் முடிவெடுக்க வேண்டும். உதவி மேலாளர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது இந்த அனுபவத்தைத்தான் பார்ப்பார்கள்.

1988-ல் அந்தப் பதவி காலியானது. எனக்கு ஒன்பது வருட அனுபவம். நான் வேலை சொல்லிக் கொடுத்த ஒரு பையனுக்கு நான்கு வருடம். பதவி அவனுக்குப் போனது. மேனேஜரிடம் கேட்டேன். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நீங்க நைட் ஆடிட் பண்ணினதே இல்லையே!" செய்யவிடாததும் அவர்களே, செய்யவில்லை என்று சொன்னதும் அவர்களே. 1991-ல் வேலையை விட்டு ஒரு பயண முகவர் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

சட்டம் என்ன சொன்னது?

"சட்டப்படி பெண்களை இரவில் வைக்கக் கூடாது" என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். வரலாற்று மாணவி ஆயிற்றே, எந்தச் சட்டம் என்று பின்னால் தேடிப் படித்தேன். எல்லோர் மனதிலும் இருந்தது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 66-வது பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. ஆனால் அது தொழிற்சாலைக்கான சட்டம். ஹோட்டல்கள், கடைகள் எல்லாம் மாநிலச் சட்டங்களின் கீழ் வந்தன. நம் மாநிலத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லும், உணவு நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் 1958-லும் வந்தன. டெல்லியின் 1954-ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இன்னும் விரிவாகப் போயிற்று: கோடையில் இரவு 9 முதல் காலை 7 வரை, குளிர்காலத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை பெண்கள் வேலை செய்யலாகாது!

இந்தச் சட்டங்களை இயற்றியவர்கள் கெட்ட எண்ணத்தில் இயற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலைகளில் பெண்களைப் பிழிந்தெடுத்த காலத்தில், பல நாடுகளிலும் தொழிலாளர் இயக்கங்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தோன்றிய முதல் ஆண்டிலேயே பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கை வந்தது. பாட்டி காலத்தில் போட்ட வேலி. ஆனால் வேலிக்கு உள்ளே இருந்தவளுக்கு அதுவே பூட்டாகவும் ஆனது.

சம்பளத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் நாம் படிக்கும்போதே வந்தது. சர்வதேச மகளிர் ஆண்டான 1975-ல் அவசரச் சட்டமாகவும், 1976-ல் முழுச் சட்டமாகவும் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், ஆள் எடுப்பதில் பெண் என்று பாகுபாடு கூடாது என்றது. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கு: வேறு ஏதேனும் சட்டம் பெண்களுக்குத் தடை விதித்திருக்கும் வேலைகளுக்கு இது பொருந்தாது. அதாவது சமத்துவம் கைபிடித்து அழைத்துவந்து, இரவு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டது.

முகமும் வயதும்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களை வரவேற்பு மேசைக்கு அழைத்தபோது எங்கள் கணக்கறிவைப் பார்த்து அழைக்கவில்லை. பட்டுப்புடவை, பூ, குங்குமச் சிமிழ், ஆரத்தித் தட்டு, சிரித்த முகம். இதற்குத்தான். பின்னால் இதற்கென்றே 'கெஸ்ட் ரிலேஷன்ஸ்' என்று தனிப் பதவியே வந்தது. பெயர் அழகாக இருக்கும். ஆனால் கணக்குப் புத்தகம் கைக்கு வராது.

முகத்துக்காக எடுத்த வேலையில் வயது பெரிய குற்றம். இதில் நமக்கு மூத்த சகோதரிகள் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள். 35 வயதானால் ஓய்வு, வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் விலக வேண்டும், முதல் பிரசவம் என்றாலே விலக வேண்டும் என்ற விதிகளை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நர்கேஷ் மீர்சா வழக்கு என்று பெயர். 1981-ல் உச்ச நீதிமன்றம், கர்ப்பமானால் வேலை போகும் என்ற விதியைக் கொடுமையானது என்று ரத்து செய்தது. நான்கு ஆண்டுக் கல்யாணத் தடையை மட்டும் சரியென்று விட்டுவிட்டது. பாதி வெற்றிதான். ஆனாலும் அன்று எங்கள் ஓய்வறையில் அந்தச் செய்தித்தாள் கை மாறி மாறிப் போனது. எங்கள் வேலையில் அப்படி எழுதிய விதி எதுவும் இல்லை. எழுதாத விதி ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், "அப்ப எப்ப ரிசைன் பண்றீங்க?" என்று வாழ்த்தோடு சேர்த்துக் கேட்பார்கள்.

1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம்கூட முதலில் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றைத்தான் பெரிதும் மனத்தில் கொண்டிருந்தது. 1988-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள், நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் நாடு முழுவதும் விரிந்தது.

இரண்டு தீர்ப்புகள்

பூட்டு திறந்த கதை இரண்டு நீதிமன்றங்களில் நடந்தது.

முதலாவது நம் ஊரில். 2000-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில், தொழிற்சாலைச் சட்டத்தின் இரவுத் தடையை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. தடையை நீக்கியதோடு நிற்கவில்லை. பெண்களைத் தனி ஆளாக வைக்கக் கூடாது, குழுவாக வைக்க வேண்டும், போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகளும் விதித்தது.

இரண்டாவது வழக்கு நேரடியாக ஹோட்டல் தொழிலைப் பற்றியது. 1914-ம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டம் டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதன் 30-வது பிரிவு, பொதுமக்கள் மது அருந்தும் இடத்தின் எந்தப் பகுதியிலும் 25 வயதுக்குட்பட்ட ஆணையோ, எந்த வயதுப் பெண்ணையோ வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பார் மட்டும்தானே என்று தோன்றும். நட்சத்திர ஹோட்டலில் உணவகம், விருந்து மண்டபம், அறைகள் எல்லாவற்றிலும் மது உண்டு. ஹோட்டல் மேலாண்மை படித்துவிட்டு வரும் பெண், எல்லாப் பிரிவுகளிலும் சுற்றிப் பயிற்சி எடுத்தால்தான் மேலே வரமுடியும். சட்டத்தை எழுத்துப்படி நடத்தினால் பாதி ஹோட்டல் அவளுக்கு மூடிவிடும்.

இந்திய ஹோட்டல் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2006-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பெண்களுக்கான தடையை நீக்கியது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. டெல்லிவாசிகள் சிலர்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்களின் பாதுகாப்புக்காகவே இந்தச் சட்டம் என்பது வாதம். 2007 டிசம்பர் 6-ம் தேதி, அனுஜ் கார்க் வழக்கு என்று இன்று சட்டக் கல்லூரிகளில் படிக்கும் அந்த வழக்கில், நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, ஹர்ஜித் சிங் பேடி இருவரும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். தீர்ப்பின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: பெண்ணுக்கு ஆபத்து என்றால் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது அரசும் முதலாளியும், அதைச் செய்யாமல் அவள் வேலையைப் பறிப்பது பாதுகாப்பு ஆகாது. வாசலில் திருடன் நிற்கிறான் என்றால் திருடனைப் பிடிக்க வேண்டும், வீட்டுக்காரியை அறையில் போட்டுப் பூட்டக் கூடாது.

1914-ல் எழுதிய ஒரு வரியை எடுக்க 93 ஆண்டுகள் ஆயின.

என் தவறு

இதையெல்லாம் மெத்தப் படித்த மாதிரி எழுதிக்கொண்டே போகிறேனே, என்னைப் பற்றிய ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

என் அக்கா மகள் தரமணியில் படித்துவிட்டு 2008-ல் டெல்லியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் சேர்ந்தாள். சித்தியைப் பார்த்துத்தான் அந்தப் படிப்புக்கே போனாள் என்று அக்கா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவாள். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அக்கா பதறிக்கொண்டு போன் செய்தாள். "அவளை நைட் டூட்டி போட்டிருக்காங்களாம். மாசத்துல பாதி நாள் ராத்திரியாம். நீ சொன்னாத்தான் கேப்பா. வேணாம்னு சொல்லு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே அவளைக் கூப்பிட்டு, "எதுக்குடா கண்ணு ரிஸ்க்? பகல் ஷிப்டே கேட்டு வாங்கிக்கோ. பொண்ணுங்களுக்குக் குடுப்பாங்க" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "சித்தி, நீங்கதானே சொல்வீங்க, நைட் ஆடிட் தெரியாததாலதான் உங்களுக்குப் பதவி வரலன்னு. கார் வீட்டு வாசல் வரைக்கும் வரும். கூட செக்யூரிட்டி வருவார். டூட்டில ரெண்டு பேர் இருப்போம். நான் எல்லாம் கேட்டுட்டுத்தான் ஒத்துக்கிட்டேன்."

எனக்கு வாய் அடைத்துப் போனது. அன்று மேனேஜர் என் அப்பாவிடம் சொன்ன அதே வாக்கியத்தை, அதே அன்போடு, நான் அவளிடம் சொல்லியிருந்தேன். பூட்டின் சாவி எப்போதும் வில்லன் கையில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அப்பா, மேனேஜர், சித்தி என்று நம் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் கையிலும் இருக்கிறது. சட்டம் பூட்டியதைச் சட்டமே திறக்கலாம். நாங்கள் பூட்டியதை நாங்கள்தான் திறக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவளிடமிருந்து போன். "சித்தி, நேத்து ராத்திரி முழு ஹோட்டலும் என் பொறுப்புல. கணக்கு பைசா சுத்தமா டாலி ஆச்சு!" பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு

பிறகு வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள், 2013-ல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமாயின. புகார் சொல்ல ஒரு குழு கட்டாயமானது. விருந்தினர் தவறாக நடந்தால்கூட 'கஸ்டமர் இஸ் கிங்' என்று எங்களை அடக்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிது என்று புரியும். 2017-ல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதி வந்தது.

தமிழ்நாட்டில் 2019-ல் கடைகளையும் நிறுவனங்களையும் இருபத்து நான்கு மணி நேரமும் திறக்க அரசு அனுமதித்தது. அந்த ஆணையில் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களே எழுத்தில் சம்மதித்தால் பாதுகாப்போடு வைக்கலாம் என்று இருந்தது. நாடு முழுவதற்குமான 2020-ம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. எல்லா வகை வேலைகளுக்கும் பெண்களை வைக்கலாம், மாலை 7-க்குப் பின்னும் காலை 6-க்கு முன்னும் அவர்கள் சம்மதம் வேண்டும் என்கிறது. 1948-ன் அதே ஆறு மணி, ஏழு மணிதான். ஆனால் அன்று அது தடை. இன்று அவளைக் கேட்டாக வேண்டிய நேரம்.

கால் வலியை மட்டும் மறந்துவிடவில்லை. ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பின் 2018-ல் கேரளமும், 2021-ல் தமிழ்நாடும் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் செய்தன. ஆனாலும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட இல்லாத இடங்களை இன்றும் பார்க்கிறேன். என் முழங்காலுக்கு அந்த வரலாறு நன்றாகத் தெரியும்.

தோழியரே, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சம்மதம் என்ற தாளில் மிரட்டிக் கையெழுத்து வாங்க முடியும். காரை ஆறு மாதம் அனுப்பிவிட்டுச் செலவென்று நிறுத்த முடியும். அதனால்தான் நம்மைப் போன்ற பாட்டிமார் வேலை இன்னும் முடியவில்லை. பேத்தி இரவுப் பணி என்று சொன்னால் "எதுக்கும்மா இது?" என்று கேட்காதீர்கள். "கார் யார் அனுப்புறாங்க? கூட எத்தனை பேர்? அவசரம்னா யாருக்குப் போன் பண்ணணும்?" என்று கேளுங்கள். நம் அணியில் தொழில் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

விண்ணப்பம் கிழிபட்ட அந்தத் தோழிக்கு ஒரு செய்தி. உன் பேத்தி ஹோட்டல் மேலாண்மை படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். அவள் நைட் ஆடிட் போட ஆரம்பிக்கும்போது எனக்கு ஒரு போன் செய். பழைய பேரேட்டுக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்த ஆண்டுச் சந்திப்புக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எப்படியும் ஹோட்டலில்தான் தங்குவீர்கள். இரவு எத்தனை மணிக்கு வந்தாலும், மேசையில் நிற்கும் பெண்ணின் பெயரைக் கேட்டு, ஒரு நன்றி சொல்லிவிட்டு லிஃப்ட் ஏறுங்கள். அந்த இடத்தில் அவள் நிற்பதற்கு ரொம்ப நாள் ஆயிற்று.